வாசகர் கடிதம்: சாஸ் பாட்டிலைத் திறக்கும் முன் சோற்றின் ஈரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்கும் படிப்புக்கும் வெளிநாடு போயிருக்கும் பிள்ளைகள் தங்கள் அறையிலேயே செய்துகொள்ளத் தக்க சீன உணவுகள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியது நல்ல காரியம். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போனவர்கள், கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினத்திலிருந்து மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் என்று டெல்டாவில் கடல் கடக்காத தெருவே அரிது. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய அம்மாக்களும் அக்காக்களும் நிறையப் பேர் இருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் குறிப்பில் ஒரு வரி உடம்புக்கு ஆபத்து. இரண்டு மூன்று வரிகள் சமையலைக் கெடுப்பவை. சொல்லாமல் விட்டது அதைவிட அதிகம்.

ஆபத்தான வரியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃப்ரைடு ரைஸுக்கு முதல் நாள் இரவே சோறாக்கி, தட்டுப் போட்டு மூடி, அடுப்பு மேடையிலேயே வைத்துவிடச் சொல்கிறது குறிப்பு. ஆறிய சோறு உதிரியாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். கொதிநீரில் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு 121 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். மறுநாள் வாணலியில் எவ்வளவு புரட்டினாலும் போகாது. தலைமுறை தலைமுறையாக இராத்திரிச் சோற்றைத்தானே காலையில் சாப்பிடுகிறோம் என்று கேட்பார்கள். அது தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. அந்த நீரில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிப்பேற்றுகிறது. புளிப்பு ஏறிய இடத்தில் மற்றவை எளிதில் பெருக முடியாது. தண்ணீர் ஊற்றாமல் மூடிக் கிடக்கும் சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சோற்றை அகலமான தாம்பாளத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். அரை மணியில் ஆவி அடங்கிவிடும். பிறகு மூடி ஃப்ரிட்ஜில், 5 டிகிரிக்குக் கீழே. அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். மறுநாளுக்குள் தீர்ந்துவிட வேண்டும். இந்த ஒரு திருத்தத்தையாவது அடுத்த இணைப்பில் கட்டம் கட்டி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

குளிர்ந்த சோறு ஏன் உதிர்கிறது? வேகும்போது நீரைக் குடித்து உப்பிய மாவுச்சத்து, ஆறும்போது மறுபடி இறுகுகிறது. அதோடு பருக்கையின் மேல் ஒட்டியிருந்த ஈரம் காற்றில் போய்விடுகிறது. இரண்டாவது காரணம்தான் பெரியது. ஆகவே முதல் நாள் சோறு இல்லையென்றால் ஃப்ரைடு ரைஸே கிடையாது என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். குறைந்த நீரில் ஆக்கி, விசிறிக்கு அடியில் முக்கால் மணி நேரம் உலர்த்திய புதுச்சோறும் நன்றாகவே வரும்.

அரிசியைப் பற்றிக் குறிப்பு ஒன்றும் விளக்கவில்லை. பாசுமதி என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறது. சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது தாய்லாந்து மல்லிகை அரிசி. அதற்கு ஒரு டம்ளருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். நம் வழக்கப்படி இரண்டு ஊற்றினால் களிதான். ஊரில் செய்பவர்களுக்குப் பொன்னியே போதுமானது. பொன்னிப் புழுங்கல் ஒருமுறை நெல்லிலேயே வெந்து இறுகிய அரிசி என்பதால், உதிரியாக நிற்பதில் பச்சரிசியைவிட மேல். குக்கரில் வைக்காதீர்கள். அரை மணி ஊறவைத்து, அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்துப் போட்டு, நடுவில் ஒரு ஊசிமுனை வேகாமல் இருக்கும்போதே வடித்துவிடுங்கள். வடித்த சோற்றில் மேல்மாவு கஞ்சியோடு போய்விடுகிறது. ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. சீரகச் சம்பா வேண்டாம். அதன் வாசனை பிரியாணிக்கு அழகு, சோயாவோடு சண்டை போடும். இட்லிக்கு வாங்கும் குண்டரிசியும் வேண்டாம், மென்று தாடை வலிக்கும். பொன்னியைப் பற்றி இன்னொன்று: 1986-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியின் பெற்றோரில் ஒன்று தைவானின் தைச்சுங் 65, மற்றொன்று மலாயாவின் மாயாங் இபோஸ் 80. சீன அடுப்புக்கு நம் அரிசி ஒத்துவராது என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி தீ. காய்களையெல்லாம் ஒன்றாகக் கொட்டிப் பெருந்தீயில் வதக்கவும் என்று குறிப்பில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியில்தான் பெரும்பாலான வீடுகளில் சீனச் சமையல் தோற்கிறது. உணவகத்து வாணலி அடுப்பின் தீ, வீட்டு கேஸ் அடுப்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் ஏறத்தாழ 2 கிலோவாட். அதில் பாதி வாணலியில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். கோஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அரைக் கிலோ கோஸும் கேரட்டும் குடைமிளகாயும் சேர்ந்து 100 மில்லி நீர் விட்டால், அதைச் சூடாக்கி ஆவியாக்க மட்டும் அந்த அடுப்புக்கு நாலு நிமிடத்துக்கு மேல் வேண்டும். அந்த நாலு நிமிடமும் காய் வதங்குவதில்லை, அவிகிறது. நிறம் போய், மொறுமொறுப்புப் போய், கூட்டுக்கு வேகவைத்த மாதிரி ஆகிவிடும். பிறகு அந்த ஈரத்திலேயே சோற்றைக் கொட்டுவார்கள். சோறு குழைந்ததும் சோயா சாஸ் போதவில்லை என்று தோன்றும்; இன்னும் ஊற்றுவார்கள்; இன்னும் ஈரம்.

தீயைக் கூட்ட நம்மால் முடியாது. ஒரே நேரத்தில் போடும் அளவைக் குறைக்கலாம். 30 சென்டிமீட்டர் வாணலியில் ஒரு ஈட்டுக்கு 200 கிராம் காய், அல்லது 200 கிராம் கறி, அல்லது இரண்டு பேருக்கான சோறு, ஏறத்தாழ 400 கிராம். அதற்கு மேல் வேண்டாம். நாலு பேருக்கு என்றால் இரண்டு முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறைக்கும் ஐந்து நிமிடம்தான் ஆகும். காய்களைத் தனித்தனியாகப் புரட்டி எடுத்து ஒரு தட்டில் வைத்துக்கொண்டு கடைசியில் சேருங்கள். கழுவிய காயை வடிதட்டில் போட்டால் போதாது, துணியில் ஒற்றியெடுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்பே போட்டால் காயிலிருக்கும் நீரை அதுவே வெளியே இழுத்துவிடும்.

அடுப்பு என்று எழுதும்போது, வெளிநாட்டு அறைகளில் எல்லாருக்கும் கேஸ் இருப்பதில்லை என்பதையும் நினைக்க வேண்டும். மின்சுருள் அடுப்பு மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். வெறும் இரும்பு வாணலியை நாலைந்து நிமிடம் அதன் மேல் காயவிட்டுப் பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். பூண்டு கருகப் போகிறது என்று தெரிந்தால் குமிழைத் திருகிப் பயனில்லை. வாணலியைத் தூக்கிப் பக்கத்துச் சுருளில் வைத்துவிட வேண்டும். பழகியவர்கள் ஒரு சுருளை உச்சத்திலும் இன்னொன்றைக் குறைவிலும் எரியவிட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். இண்டக்ஷனுக்குக் குழிந்த அடி உதவாது. தட்டையடி இரும்பு வாணலி வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டில் நான்ஸ்டிக் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை வெறுமனே காயவிடாதீர்கள். 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைந்து கெட்ட புகை விடும். அதில் நடுத்தரத் தீயில், இன்னும் சிறிய ஈடாகச் செய்துகொள்ளலாம். புகையுணரி அலறும் என்று அதைத் துணியால் கட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஜன்னலையும் புகைபோக்கி விசிறியையும் முன்பே போடுங்கள்.

வாணலி காய்ந்ததா என்று பார்க்க ஒரு துளி தண்ணீர் தெளியுங்கள். சீறி அடங்கினால் காயவில்லை. முத்தாகத் திரண்டு ஓடினால் காய்ந்துவிட்டது. உடனே எண்ணெய். சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ நல்லது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் சீக்கிரம் புகைந்து கசக்கும். அதைச் சட்னித் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்கான முட்டை ஃப்ரைடு ரைஸ் அளவு இது. ஃப்ரிட்ஜில் குளிர்ந்த சோறு 400 கிராம், கையால் உதிர்த்தது. முட்டை 2. எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி. வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, வெள்ளையும் பச்சையும் தனித்தனியாக. உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, வெளிர் சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் கால் தேக்கரண்டி. எண்ணெய் காய்ந்ததும் அடித்த முட்டையை ஊற்றி, பாதி வெந்தவுடன் சோற்றைப் போட்டுக் கரண்டியின் முதுகால் கட்டிகளை உடையுங்கள். இரண்டு நிமிடம் அடியிலிருந்து மேலே புரட்டிக்கொண்டே இருங்கள். பருக்கைகள் வாணலியில் துள்ள ஆரம்பிக்கும். ஈரம் போனதற்கு அதுதான் அடையாளம். அப்போது வெள்ளைத்தாளும் உப்பும். சோயாவைச் சோற்றின் மேல் ஊற்றாமல் வாணலியின் ஓரத்து இரும்பில் சுற்றி விடுங்கள். சூட்டில் பட்டுக் கொதித்து வாசனை எழும்பும், சோறும் நனையாது. மிளகுத்தூள், பச்சைத்தாள், இறக்கு. இஞ்சிபூண்டு விழுது இதில் கிடையாது. விழுது இரும்பில் ஒட்டிக் கருகும், நீரும் விடும். வேண்டுமென்றால் பூண்டைக் கத்தியால் பொடியாக அரிந்து, வெள்ளைத்தாளோடு போட்டால் போதும்.

குறிப்பில் இதே இரண்டு பேருக்கு 4 மேசைக்கரண்டி சோயா சாஸ் கேட்கிறது. ஒரு மேசைக்கரண்டியில் 900 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம். நாலுக்குக் கணக்குப் போட்டால் ஆளுக்கு 1800. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2000-க்குள் இருக்கச் சொல்கிறது. உப்பு தனி! கறுப்பு நிறம் வேண்டும் என்பதற்காக ஊற்றுகிறார்கள் என்றால் அதற்கென்றே அடர் சோயா இருக்கிறது. அரைத் தேக்கரண்டியில் சோறு முழுக்கப் பழுப்பாகிவிடும். வெளிர் சோயா உப்புக்கும் சுவைக்கும், அடர் சோயா நிறத்துக்கு. இந்த இரண்டு பாட்டில் இருந்தால் அறைச் சமையலுக்கு முக்கால்வாசி வேலை முடிந்தது.

மூன்றாவது பாட்டில் வாங்கும்போதுதான் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். ஆய்ஸ்டர் சாஸ் என்பது சிப்பியின் சாறு காய்ச்சியது. 1888-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் லீ கும் ஷியுங் என்பவர் தொடங்கியது. காளான் போட்ட சைவ வகை அதே அலமாரியில் இருக்கும். சேர்மானப் பட்டியலைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். வெங்காயம் பூண்டு சேர்க்காத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீன பௌத்த சைவக் கடைகள் நல்ல துணை. அவர்களும் இரண்டையும் தொடுவதில்லை. பெருங்காயமும் அவர்களுடைய விலக்கில் உண்டு என்பது நமக்குத்தான் ஆச்சரியம். இஸ்லாமியக் குடும்பத்தினர் பார்க்க வேண்டியது வேறு. சீனக் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஷாவோசிங் என்பது அரிசி மது. அதை விட்டுவிட்டு அதே அளவு கோழிச்சாறும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்தால் பெரிய குறை தெரியாது. சாஸ் பாட்டில்களில் சிங்கப்பூரானால் மூயிஸ், மலேசியாவானால் ஜாக்கிம் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் நல்லெண்ணெய் விடச் சொல்வதிலும் குறிப்பு வழுக்கியிருக்கிறது. சீனச் சமையலில் கடைசியில் விடும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் மற்ற சுவையெல்லாம் அமுங்கிவிடும். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, வாசனையே வேறு. ஊரில் அந்த எண்ணெய் கிடைக்கவில்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி எள்ளைச் சிவக்க வறுத்து நுணுக்கி, மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் இளஞ்சூடாகப் பத்து நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். ஏறத்தாழ அந்த வாசனை வந்துவிடும்.

அஜினமோட்டோவைப் பற்றி இணைப்பு பயமுறுத்தியிருப்பது அளவு மீறியது. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட் என்ற சுவைப்பொருள்தான் அதில் இருப்பது. தக்காளியிலும் காளானிலும் இயற்கையாகவே இருப்பது. 1987-இல் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு, அதற்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தது. நம் நாட்டுச் சட்டம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவில் சேர்க்கக் கூடாது என்கிறது. அதை மதிக்க வேண்டும். மற்றபடி நாலு பேர் சமையலுக்குக் கால் தேக்கரண்டி போதும். அதன் சோடியம் சாப்பாட்டு உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். வேண்டாம் என்பவர்களுக்கு உலர்ந்த ஷிட்டாகே காளான் இருக்கிறது: ஐந்தாறைக் கழுவி வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, காளானையும் ஊறிய நீரையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது கலர் பொடிக்குத்தான். 2024-இல் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது அதனால்தான்.

கோழி ஏன் கடையில் மெத்தென்று இருக்கிறது, வீட்டில் நார் நாராக வருகிறது? 250 கிராம் எலும்பில்லாத தொடைக்கறியை நாருக்குக் குறுக்கே அரை சென்டிமீட்டருக்குள் மெல்லிசாக அரியுங்கள். உப்பு கால் தேக்கரண்டி, வெளிர் சோயா ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, தண்ணீரை இறைச்சி குடிக்கும் வரை பிசறி, பிறகு கார்ன்ஃப்ளார் இரண்டு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இருபது நிமிடம் ஊறட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தளதளவென்று கொதிக்காமல் மெல்லக் குமிழியிடும்போது கறியைப் போட்டு, வெளுத்ததும் முக்கால் நிமிடத்தில் அள்ளிவிடுங்கள். மீதி வேக்காடு வாணலியில், இரண்டு ஈடாக. கார்ன்ஃப்ளார் உறை உள்ளே இருக்கும் சாற்றைப் பூட்டிவிடுகிறது. அமெரிக்காவில் இருப்பவர்கள் கார்ன்ஸ்டார்ச் என்று கேட்டு வாங்குங்கள். அங்கே கார்ன்ஃப்ளார் என்று கேட்டால் மஞ்சள் மக்காச்சோள மாவைக் கொடுத்துவிடக்கூடும், அது ரொட்டி சுடத்தான் ஆகும்.

ஃப்ரைடு ரைஸும் மஞ்சூரியனுமே சீனச் சாப்பாடு என்று அந்தப் பக்கம் முடிந்துவிட்டதுதான் எனக்குப் பெரிய குறை. சீன வீடுகளில் அன்றாடம் நடப்பது வெள்ளைச் சோறு, ஒரு கீரை, ஒரு சாறு, முடிந்தால் ஒரு மீன். பீர்க்கங்காய், பாகற்காய், வெண்பூசணி, நீளக் காராமணி, சேப்பங்கிழங்கு எல்லாம் அவர்களுடைய காய்கள். தஞ்சாவூர்ச் சந்தையில் வாங்கியே ஒரு வாரம் சமைத்துவிடலாம்.

கீரையில் வள்ளைக்கீரை. குளத்தோரமும் வாய்க்கால் கரையும் படர்ந்து கிடக்கிறது, நாம் மாட்டுக்குப் போடுகிறோம். சிங்கப்பூரில் கங்கோங் என்று பெயர் வைத்துத் தட்டுக்குக் காசு வாங்குகிறார்கள். சாக்கடை கலக்கும் இடத்தில் பறிக்காதீர்கள், பச்சையாகவும் தின்னாதீர்கள். 300 கிராம் கீரைக்குத் தண்டையும் இலையையும் பிரித்துக்கொண்டு, நசுக்கிய பூண்டு நாலு பல், கீறிய பச்சை மிளகாய் இரண்டு, தண்டு அரை நிமிடம், இலை முக்கால் நிமிடம், உப்பு, இறக்கு. தாமதித்தால் கறுத்துவிடும். பீர்க்கங்காய்க்கு முட்டைதான் ஜோடி: மூன்று முட்டையை முதலில் கட்டிகட்டியாகப் பொரித்து எடுத்துவிட்டு, தோல் சீவிய காயை அதே எண்ணெயில் மூடி இரண்டு நிமிடம், பிறகு முட்டையைச் சேர்க்க வேண்டும். இங்கே காய் விடும் நீர் குற்றமில்லை, அதுவே குழம்பு. பாகற்காயை நகக்கனத்துக்கு அரிந்து அரைத் தேக்கரண்டி உப்பில் பத்து நிமிடம் பிசறிப் பிழிந்தால் கசப்பு பாதி போகும். அதையும் முட்டையோடு புரட்டலாம். காராமணியை மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் தோல் சுருங்கும் வரை ஆறேழு நிமிடம் வறுத்தெடுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, நாகப்பட்டினத்துச் சென்னாக்கூனி ஒரு மேசைக்கரண்டி போட்டுப் புரட்டினால், சோற்றுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். வெண்பூசணி அரைக் கிலோ, தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், இஞ்சி நாலு வில்லை, ஊறிய காளான் ஐந்து, மெல்லிய தீயில் 25 நிமிடம், கடைசியில் உப்பு. அதுதான் சாறு.

மீனுக்கு இட்லிக் கொப்பரையைவிட நல்ல பாத்திரம் கிடையாது. நம் கடற்கரையில் கொடுவா என்று விற்பதும் சிங்கப்பூர், மலேசியச் சந்தையில் சியாகாப் என்று விற்பதும் ஒரே மீன். 600 கிராம் எடையில் முழு மீனாகச் செதிலும் குடலும் எடுத்து, இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு கீறல் போடுங்கள். எவர்சில்வர் தட்டில் வெங்காயத்தாளை நீளமாகப் பரப்பி அதன்மேல் மீன். அடியிலும் ஆவி போக வேண்டும். மேலே இஞ்சி வில்லை. உப்பு, மஞ்சள், எலுமிச்சை எதுவும் வேண்டாம். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே தட்டை உள்ளே வைத்து மூடி 9 நிமிடம். நடுவில் திறக்கக் கூடாது. கண் வெளுத்துத் துருத்தியிருக்கும். முதுகெலும்போரம் கத்தி நுனியால் நெம்பினால் சதை பிரிந்து வரும். இன்னும் ஒட்டினால் மேலும் ஒரு நிமிடம். தட்டில் தேங்கிய நீரையும் வெந்த இஞ்சியையும் கொட்டிவிடுங்கள். கவிச்சி முழுக்க அதில்தான் இருக்கிறது. அதோடு சோயாவை ஊற்றுவதால்தான் இந்த மீனைப் பலரும் ஒரு முறை செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். புதிதாக நூல்போல் அரிந்த இஞ்சியும் வெங்காயத்தாளும் மேலே தூவி, புகையத் தொடங்கிய எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டியைச் சொய்யென்று ஊற்றுங்கள். வெளிர் சோயா இரண்டு மேசைக்கரண்டி, வெந்நீர் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி கலந்து மீனின் மேல் படாமல் ஓரமாக விடுங்கள். பனிக்கட்டியில் பல நாள் கிடந்த மீனுக்கு இந்த முறை சரிவராது. அதைக் குழம்பு வைத்துவிடலாம்.

புதிதாகப் போனவர்கள் முதலில் பழக வேண்டியது தக்காளி முட்டை. நாலு முட்டையை உப்போடு அடித்து மெத்தென்று பொரித்து எடுத்துவிட்டு, மூன்று தக்காளியைத் துண்டாக்கி அதே வாணலியில் மூன்று நிமிடம் கரையவிட்டு, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு அரை, முட்டையைத் திரும்பப் போட்டு அரை நிமிடம். நம் நாட்டுத் தக்காளியாக இருந்தால் புளிப்பு அதிகம், சர்க்கரையை ஒன்றரை ஆக்குங்கள். மாணவர் விடுதியில் ஒரு சின்ன அடுப்பும் ஒரு சட்டியும் போதும்.

விடுமுறை நாளில் நாலு பேர் கூடினால் டம்ப்ளிங், அதாவது சீனக் கொழுக்கட்டை. கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்யத் தெரிந்த விரலுக்கு இது பழகிய வேலை. மைதா 250 கிராமுக்குத் தண்ணீர் 125 மில்லி, பிசைந்து ஈரத்துணி போட்டு அரை மணி. பூரணத்தில்தான் தவறு நடக்கிறது. 200 கிராம் கோஸைப் பொடியாக அரிந்து அரைத் தேக்கரண்டி உப்பு பிசறி, பத்து நிமிடம் கழித்துத் துணியில் முறுக்கிப் பிழியாவிட்டால் மடிப்பு விண்டு சட்டியெல்லாம் கூழாகும். பிழிந்த கோஸோடு கோழிக் கொத்துக்கறி 250 கிராம், அல்லது சைவமாக ஊறிய காளான், கேரட், வேகவைத்து நறுக்கிய பாசிப்பயறுச் சேமியா. இஞ்சி, சோயா, அரைத் தேக்கரண்டி வறுத்த எள்ளெண்ணெய். மாவைச் சிறு அப்பளங்களாக, ஓரம் மெலிந்தும் நடு தடித்தும் இருக்கும்படி தேய்த்து, நடுவில் பூரணம் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு மடித்து அழுத்துங்கள். தட்டையான சட்டியில் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி விட்டு அடி பொன்னிறமாகும் வரை இரண்டு நிமிடம். பிறகு கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி உடனே மூடி ஆறு நிமிடம். மூடியைத் திறந்து தண்ணீர் வற்றி மறுபடி சடசடக்கும் வரை. சட்டியில் ஒட்டினால் பிய்க்காதீர்கள், ஒரு நிமிடம் தீயை அணைத்து வைத்தால் தானே விடும். மிஞ்சியதை வேகவைக்காமலே தட்டில் இடைவெளி விட்டு உறையவைத்துப் பிறகு பையில் போட்டால், வேலை முடிந்து வரும் இரவுகளுக்கு ஆகும். உறைந்ததை இளகவிடாமல் நேரே சட்டியில் போட வேண்டும்; தண்ணீரும் நேரமும் கொஞ்சம் கூட.

தங்கள் இணைப்பு அடுத்த முறை இத்தகைய குறிப்புகளை அச்சிடும்போது எத்தனை பேருக்கு, எந்த அடுப்பு, வாணலியின் அகலம் எவ்வளவு, எந்த அரிசி என்ற நாலையும் முதல் வரியிலேயே போட்டால் நலம். கரண்டி என்று மட்டும் எழுதாமல் தேக்கரண்டியா மேசைக்கரண்டியா என்றும் சொல்லுங்கள். உப்பிலும் சோயாவிலும் அது மூன்று மடங்கு வித்தியாசம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
கும்பகோணம்.